ஆபீஸ் நம்பர் வழியாக மிஸ்டு காலைத் திருப்பிக் கூப்பிடும் வசதி: பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

ஆபீஸ் இன்டர்காம் சிஸ்டத்தை மொபைலோடு இணைத்துத் தருகிறோம் என்று சொல்லும் டீலர்கள் சென்னையில் நிறைய பேர் இருக்கிறார்கள். நல்ல வசதிதான். ஆனால் அரைகுறையாகப் போட்டுக் கொடுத்தால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நாங்கள் அனுபவித்துவிட்டோம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் லிஃப்ட் சர்வீஸ் கம்பெனி நடத்துகிறோம். உள்ளே ஆள் மாட்டிக்கொண்டு கூப்பிடும் போன் தவறிப்போனால் உடனே திருப்பிக் கூப்பிட்டாக வேண்டும். டெக்னீஷியன் தன் மொபைலிலிருந்து கூப்பிட்டால், தெரியாத நம்பர் என்று பலர் எடுப்பதில்லை. எடுத்தவர்களோ அந்த நம்பரையே சேவ் பண்ணி வைத்துக்கொள்கிறார்கள். அடுத்த புகார் ஆபீஸுக்கு வராமல், லீவில் ஊருக்குப் போயிருக்கும் பையனுக்குப் போகிறது. அதனால் யார் எங்கிருந்து கூப்பிட்டாலும் எங்கள் 044 நம்பரே தெரிய வேண்டும் என்று கேட்டோம்.

டீலர் டெமோ காட்டினார். ஆபீஸ் நம்பருக்கு அடித்தார், டெக்னீஷியன் மொபைலில் மணி அடித்தது, எடுத்துப் பேசினார்கள். எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை மட்டும் அவர் காட்டவே இல்லை. அது பிறகுதான் தெரிந்தது. மிஸ்டு கால் லிஸ்டில் வாடிக்கையாளர் நம்பர் ஒன்றுகூட இல்லை. எங்கள் ஆபீஸ் நம்பரே வரிசையாக நிற்கிறது. ஃபார்வர்டு ஆகும் காலில் கூப்பிட்டவர் நம்பரை அப்படியே அனுப்ப டெலிகாம் கம்பெனி தரப்பிலும் வழி செய்து தர வேண்டும். அதைக் கேட்டு வாங்குவது டீலரின் வேலை. அவர் கேட்கவில்லை.

இன்னொன்று, பூஜ்யம். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்குக் கூப்பிட முன்னால் 0 சேர்க்க வேண்டும். மொபைலில் பதிவாகும் நம்பரோ +91 என்று ஆரம்பிக்கிறது. அதை சிஸ்டமே மாற்றிக்கொள்ளும்படி செட் பண்ணாவிட்டால் கால் போகவே போகாது. எங்களுக்குப் போகவில்லை.

புகார் சொன்னதும் வந்து ஒரு குறுக்கு வழி போட்டார். மொபைலிலிருந்து ஆபீஸ் நம்பருக்கு அடித்து ரகசிய எண்ணைப் போட்டால் டயல் டோன் வரும். அதில் வாடிக்கையாளர் நம்பரை அடித்தால் ஆபீஸ் லைனில் கால் போகும். டீசா என்பார்கள். முறையாகச் செய்தால் பயனுள்ளதுதான். இவர் வைத்த ரகசிய எண் 1234. கன்ட்ரோலர் போர்டு வெளிநாட்டிலிருந்து வாங்குவதால் எங்களிடம் ஐஎஸ்டி உண்டு, அதுவும் ஒரே ஒரு எக்ஸ்டென்ஷனுக்கு. இந்தக் குறுக்கு வழிக்கும் அதைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இப்படித் திறந்து கிடக்கும் சிஸ்டத்தைத் தேடிப் பிடிக்கவே ஆட்கள் இருக்கிறார்கள். ஆள் இல்லாத ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் உள்ளே புகுந்து, கட்டணம் அதிகமான வெளிநாட்டு நம்பர்களுக்கு விடாமல் கூப்பிடுவார்கள். அந்தக் கட்டணத்தில் அவர்களுக்குப் பங்கு. எங்களுடையது பிஆர்ஐ லைன், ஒரே நேரத்தில் 30 கால் போகும். பில்லோடு வந்த கால் விவரத்தில் நள்ளிரவு தாண்டிய நேரங்களாகப் பக்கம் பக்கமாக இருந்தது. அதைப் பார்த்ததும் எங்கள் அக்கவுன்டன்ட் அக்கா உட்கார்ந்தே விட்டார்.

டீலரைக் கூப்பிட்டால், “பாஸ்வேர்டை நீங்கதான் சார் மாத்திக்கணும்” என்கிறார். மாற்ற வேண்டும் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை, எப்படி மாற்றுவது என்று எழுதியும் தரவில்லை. அட்மின் பாஸ்வேர்டையே கேட்டுக் கேட்டுத்தான் வாங்கினோம். “கால் உங்கள் லைனிலிருந்துதான் போயிருக்கிறது, கட்டித்தான் ஆக வேண்டும்” என்கிறது டெலிகாம் கம்பெனி.

நீங்கள் வாங்குவதாக இருந்தால், கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் டீலர் எதிரிலேயே ஒரு காலை எடுக்காமல் விடுங்கள். யார் நம்பர் தெரிகிறது என்று பாருங்கள். அதே மொபைலிலிருந்து ஆபீஸ் வழியாகத் திருப்பிக் கூப்பிட்டு, எதிர்முனையில் 044 வருகிறதா என்று பாருங்கள். அந்த வழியில் ஒரு வெளிநாட்டு நம்பரை அடித்துப் பாருங்கள், போகக் கூடாது. ரகசிய எண் ஆளுக்கு ஒன்றாக, நீளமாக இருக்க வேண்டும். தப்பாகப் போட்டுக்கொண்டே இருந்தால் தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள்.

டீலருக்குத் தர வேண்டிய பாக்கியை நிறுத்தி வைத்திருக்கிறோம். 1930 சைபர் கிரைம் எண்ணிலும் புகார் கொடுத்தாயிற்று. இதே மாதிரி பில் வந்து, டெலிகாம் கம்பெனியிடம் பேசிக் குறைத்து வாங்கியவர்கள் இருந்தால், கடிதத்தில் என்ன எழுதினீர்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.