வாளித் தராசு: பிள்ளைங்களுக்கு வாங்கலாம், ஆனா கரடிக்காக வேணாம்

ஆன்லைன்ல விக்கிறாங்களே, ரெண்டு பக்கமும் அரை லிட்டர் பிளாஸ்டிக் வாளி தொங்குற தராசு, கூடவே கலர் கலரா கரடி பொம்மையும் 5, 10, 20 கிராம்னு பிளாஸ்டிக் எடைக்கல்லும் வரும், அதை ரெண்டாவது படிக்கிற எங்க பாப்பாவுக்கு வாங்கினேன். விலை ஆயிரத்துக்குள்ள தான்.

கிச்சன்ல டிஜிட்டல் தராசு இருக்கும்போது இது எதுக்குன்னு வீட்டுக்காரர் கேட்டார். அதுல உருளைக்கிழங்கை வெச்சா 142ன்னு ஒரு நம்பர் வரும், சரி, 142னா பிள்ளைக்கு என்ன புரியும்? இதுல ஒரு பக்கம் கிழங்கைப் போட்டுட்டு இன்னொரு பக்கம் கல்லைப் போட்டு, சாஞ்சா ஒண்ணை எடுத்து, சின்னதா வேற ஒண்ணைப் போட்டு, முள்ளு நடுவுக்கு வர்ற வரைக்கும் அதுங்களே மல்லுக்கட்டணும், அளக்குறதுன்னாலே தெரிஞ்ச ஒண்ணோட தெரியாத ஒண்ணை ஒப்பிடறது தான்னு நாம வாயைத் திறக்காமலே புரிஞ்சிடுது.

கரடி சுத்த வேஸ்ட், ஒரு மணி நேரத்துல சோபாவுக்கு அடியில போயிடும். வீட்டுச் சாமானைக் கொடுங்க. ஒரு வாளி நிறைய பொரி, இன்னொண்ணுல ஒரு கைப்பிடி அரிசி, எது கனம்னு கேட்டேன், பொரின்னு தான் சொன்னா, அரிசி பக்கம் டொக்குனு இறங்கினதும் மூஞ்சியைப் பார்க்கணுமே! அடுத்து சப்பாத்தி மாவுல ரெண்டு சம உருண்டை, ஒண்ணைத் தட்டி அகலமாக்கிட்டா அது கூடிடுச்சுன்னு சத்தியம் பண்ணுவா, தராசு அசையவே இல்லை.

எனக்கே பிடிச்சது எண்ணெய் தான். ஒரு வாளியில 300 மில்லி தண்ணி, இன்னொண்ணுல 300 மில்லி சன்பிளவர் ஆயில், அளவு ஒண்ணு தான், ஆனா தண்ணி பக்கம் சாயும். எண்ணெய் பக்கம் 20 கிராம் கல்லும் 5 கிராம் கல்லும் போட்டதும் முள்ளு கிட்டத்தட்ட நடுவுக்கு வந்துடுச்சு (எண்ணெய்க்குள்ளயே போட்டா, கழுவுறது என் வேலை). அப்புறம் எண்ணெய் பாக்கெட்டை எடுத்துக் காட்டினேன், 1 லிட்டர், 910 கிராம்னு போட்டிருக்கும் பாருங்க, அது ஏன்னு இப்ப அவளே பாட்டிக்குச் சொல்லிக்கிட்டு இருக்கா.

நிலாவுக்கு எடுத்துட்டுப் போனா என்னாகும்னு கேட்டா. அங்க ஈர்ப்பு ஆறுல ஒரு பங்கு தான், ஆனா கிழங்குக்கும் கல்லுக்கும் சேர்த்தே குறையுறதால இந்தத் தராசு அங்கயும் இதே கல்லைத் தான் கேட்கும், கிச்சன் தராசு 142க்குப் பதிலா 24ன்னு காட்டும். பொருள்ல இருக்குற நிறை மாறாது, அதைக் கீழ இழுக்குற எடை தான் மாறும், பெரிய கிளாஸ்ல இதை எழுதி எழுதி மனப்பாடம் பண்ணினது தானே நாமெல்லாம்.

குறைன்னா, முள்ளு கொஞ்சம் சோம்பேறி, ஒண்ணு ரெண்டு கிராம் வித்தியாசத்துக்கெல்லாம் அசையாது. ஒவ்வொரு தடவையும் காலி வாளியோட நடுவுல நிக்குதான்னு பார்த்து, கீழ இருக்குற ஸ்லைடரை நகர்த்திட்டுத் தான் ஆரம்பிக்கணும். 20 கிராம் கல்லு ஒண்ணு கிச்சன் தராசுல 19 காட்டுது, விளையாட்டுச் சாமானுக்குப் பரவாயில்லைன்னு விட்டுட்டேன், ஆனா பாப்பா விடலை, அப்போ எது தான் சரியான கல்லுன்னு கேட்டா.

அதுக்கு மளிகைக்கடை அண்ணாச்சிகிட்ட கூட்டிட்டுப் போனேன். "அண்ணாச்சி, அந்தப் பழைய படிக்கல்லைக் கொஞ்சம் காட்டுங்களேன்"னதும் ஆறு மூலை இரும்புக் கல்லைக் கவுத்துக் காட்டினார், அடியில குழியில ஈயம் அடைச்சு அது மேல முத்திரை குத்தியிருக்கு, "இது இல்லாம யாவாரம் பண்ணா ஃபைன் போட்டுருவாக பாப்பா"ன்னார். அந்தக் கல்லையெல்லாம் எதோட ஒப்பிட்டாங்கன்னு போய்க்கிட்டே இருந்தா கடைசியில பாரிஸ் பக்கத்துல 1889லேர்ந்து பூட்டி வெச்சிருந்த பிளாட்டினம் இரிடியம் உருளையில போய் நிக்கும், உயரம் 4 சென்டிமீட்டர் கூட இல்லை, அது தான் உலகத்துக்கே ஒரு கிலோ. 2019 மே 20லேர்ந்து அதுவும் மாறிடுச்சு, இப்போ பிளாங்க் மாறிலின்னு இயற்பியல்ல எங்கயும் மாறாத ஒரு எண்ணை வெச்சு கணக்கு, அதை அவளுக்குச் சொல்ல நான் இன்னும் துணியலை.

மரத்துல வர்ற தராசு பார்க்க அழகு தான், ஆனா தட்டுல தண்ணி ஊத்த முடியாது, அதனால வாளி வெச்சதையே வாங்குங்க. 3 வயசுக்குக் கீழ பிள்ளை இருந்தா கரடியையும் சின்னக் கல்லையும் மேல தூக்கி வெச்சிடுங்க, வாயில போட்டுடும். 5க்கு 4 ஸ்டார், ஒண்ணு அந்த 19 கிராம் கல்லுக்காகக் கட்.