காரை உயர்த்தித் தருகிறோம் என்று 3,480 டொலர் வாங்கி ஏமாற்றிவிட்டார்கள்: பழைய சுபாரு வைத்திருப்பவர்கள் கவனம்

இன்று மத்தியானம், கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்துப் பாரி நகரில், ஒரு மெக்கானிக் என் காரைத் தூக்கி நிறுத்திவிட்டு, "உள்ளே வா, இதை நீ உன் கண்ணால் பார்க்க வேண்டும்" என்று கூப்பிட்டார். அரை மணி நேரம் ஒவ்வொன்றாகக் காட்டினார். வீட்டுக்கு வந்து சாப்பிடக்கூட மனமில்லாமல் இதை எழுதுகிறேன். 3,480 டொலர். ஒக்ரோபர் 18ஆம் திகதி ஸ்காபரோவில் ஒரு சிறிய தமிழ்க் கராஜில் நான் எண்ணிக் கொடுத்த காசு. பெயர் எழுதவில்லை. பழைய கார்களை உயர்த்தி, பெரிய ரயர் போட்டு, படமெடுத்து இணையத்தில் போடுகிற கராஜ் என்று மட்டும் சொல்கிறேன்.

கார் 2008 சுபாரு அவுட்பாக். 2.5 லீற்றர் எஞ்சின், ஒட்டோமற்றிக், 241,000 கிலோமீற்றர் ஓடியது. வயதுக்கு நல்ல கார். நான்கு சில்லும் இழுக்கும் என்பதற்காகவே வாங்கினோம். மனைவிக்கு வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கிற வேலை. பாரிக்கு வெளியே கிராமத்துச் சாலைகளில் விடிய 5 மணிக்கே ஓட வேண்டும். ஜோர்ஜியன் குடாவைத் தாண்டி வருகிற காற்று ஏரியின் ஈரத்தை அள்ளிவந்து எங்கள் பக்கத்தில்தான் பனியாகக் கொட்டும். பனி தள்ளும் வண்டி அந்தச் சாலைகளுக்கு வந்து சேர விடிந்துவிடும். எனக்கும் சிம்கோ ஏரியில் உறைந்த பனியில் துளையிட்டு மீன் பிடிக்கப் போகிற பழக்கம் உண்டு. ஹாலிபர்ட்டன் பக்கம் நண்பரின் கொட்டேஜுக்குப் போகிற மண்பாதையில் காரின் அடி இரண்டு தரம் கல்லில் உரசியிருக்கிறது. இரண்டு அங்குலம் உயர்த்தி, நல்ல ரயர் போட்டால் போதும் என்று நினைத்தேன். மலையேறும் ஆசை ஒன்றும் இல்லை.

கராஜ்காரருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். போனவுடன் தேநீர் வந்தது. "அண்ணை எந்த ஊர்?" என்று கேட்டார். சொன்னேன். அவருடைய அம்மாவின் ஊர் பக்கத்து ஊராம். சரி, பேச்சு அப்படியே வளர்ந்தது. வெளியே நின்ற இன்னொரு உயர்த்திய காரைக் காட்டினார், பார்க்க வடிவாக இருந்தது. மனைவி ஓடுகிற கார் என்று நான் சொன்னபோது என் தோளில் கை வைத்து, "அக்கா ஓடுற காரெண்டால் பெடியளிட்டை விடமாட்டன் அண்ணை. நான் என்ரை கையாலதான் செய்வன்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அவர் சொன்னது இதுதான்: இரண்டு அங்குல லிஃப்ற் கிற் (காரை உயர்த்துகிற துண்டுகள்), பின்பக்க உதிரித் துண்டுகள் உட்பட முழுதாக. நான்கு புது ஓல்-ரெறெய்ன் ரயர், அதாவது தார்ச்சாலைக்கும் மண்பாதைக்கும் ஆனது, அளவு 225/60R17, குளிர்காலத்துக்கும் அதுவே போதும். எஞ்சினுக்குக் கீழே அலுமினியத் தகடு. கடைசியில் சில்லுகளின் கோணங்களைச் சரிப்படுத்துகிற அலைன்மென்ற். எல்லாமாக 3,480. "பில் போட்டால் 13 வீதம் வரி அண்ணை, காசாத் தாங்கோ" என்றார். 452 டொலர் மிச்சம் என்று நானும் தலையாட்டினேன். ஒரு துண்டுக் கடதாசியில் தொகையை எழுதித் தந்தார். கராஜின் பெயரோ வேலை விபரமோ அதில் இல்லை.

முதல் இரண்டு கிழமை சந்தோசம். கார் உயரமாக நின்றது, அயலவர்கூட நின்று பார்த்தார். அப்புறம் கடை வாசல்களில் நிறுத்தத் திருப்பும்போது கார் உதறத் தொடங்கியது. ஸ்ரியறிங்கை முழுதாக ஒடித்தால் யாரோ கீழிருந்து பிடித்து இழுப்பதுபோல விக்கி விக்கி நகரும். கூப்பிட்டுச் சொன்னேன். "புது ரயர் அண்ணை, பழக வேணும்." இன்னும் ஒரு கிழமையில் எரிந்த மணம். "தகட்டிலை எண்ணெய் பட்டிருக்கும், தானாப் போயிடும்." நேரே கொண்டு போனேன். ஒன்றேகால் மணி நேர ஓட்டம், அங்கே மூன்று மணி நேரக் காத்திருப்பு. ஒரு பெடியன் காரை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, "ஒண்டுமில்லை" என்றான். இரண்டாம் தரம் போனபோது முதலாளி கராஜில் இல்லை என்றார்கள். அவருடைய கார் வாசலில் நின்றது.

டிசம்பர் நடுவில் முதலாவது பெரிய பனி. மனைவி ஒரு நாற்சந்தியில் மெதுவாகத்தான் பிரேக் பிடித்திருக்கிறா. பின்பக்கம் வழுக்கி, கார் திரும்பி வாய்க்காலுக்குள் போய் நின்றது. கடவுள் புண்ணியம், காயம் இல்லை. இருட்டில் நாற்பது நிமிடம் தனியாக நின்றிருக்கிறா. அன்று நான் கூப்பிட்டபோது அந்தத் 'தம்பி' சொன்னது: "அண்ணை, 2008 மொடல் கார். பழைய காருக்கு நாங்கள் என்ன செய்யலாம்?" காசு வாங்கும்போது கார் பழசாகத் தெரியவில்லையா? அதற்குப் பிறகு தொலைபேசி எடுப்பதில்லை. குறுஞ்செய்தியைப் பார்க்கிறார், பதில் இல்லை. 3,480 டொலர் வாங்கின மனிதர் இவர்.

இனி இன்று பார்த்ததைச் சொல்கிறேன்.

ரயர்கள். முன் இரண்டும் புதிது. பின் இரண்டும் பழையவை. கறுப்புப் பூச்சு அடித்துப் பளபளக்க வைத்திருக்கிறார்கள். ரயரின் பக்கத்தில் பொறித்திருக்கிற டொற் (DOT) குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் 3516. அதாவது 2016ஆம் ஆண்டின் 35ஆவது கிழமையில் செய்தது. புது ரயரின் பள்ளம் அங்குலத்தில் 32இல் 12 பங்கு, பழையதில் 7 பங்கு. சிறிய வித்தியாசம்தானே என்று நான் கேட்டேன். மெக்கானிக் கணக்குப் போட்டுக் காட்டினார்: சுற்றளவில் ஏறக்குறைய ஒரு அங்குலம் வித்தியாசம் வருகிறது. சுபாருவில் நான்கு ரயருக்கும் சுற்றளவு கால் அங்குலத்துக்குமேல் வேறுபடக் கூடாது. முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்றினால், கியர்ப் பெட்டியின் பின்பகுதியில் இருக்கிற கிளச் ஓயாமல் வழுக்கிச் சூடேறித் தேயும். கார் திரும்பும்போது உதறியது அதுதான். "பழக வேணும்" என்றாரே, பழகிக்கொண்டிருந்தது என் கிளச்சின் சாவு.

நான்கு ரயரிலும் மலைக்குள் பனித்துகள் வரைந்த குறி இல்லை. சேறும் பனியும் என்பதைக் குறிக்கிற எம்+எஸ் (M+S) என்ற எழுத்து மட்டும். அந்த எழுத்து ரயரின் பள்ளங்களின் வடிவத்தைப் பற்றியது. பனித்துகள் குறிதான் பனியில் சோதித்துப் பார்த்ததற்கு அடையாளம்.

லிஃப்ற் கிற் என்று போட்டது ஸ்ரறற்றுக்கு (சில்லின் அதிர்வு தாங்கிக்கு) மேலே வைக்கிற நான்கு பிளாஸ்ரிக் துண்டு. பின்பக்கத்தில் சில்லை முன்னாலிருந்து பிடிக்கிற நீளக் கையின் நுனியையும் இறக்கிக் கட்ட வேண்டும். செய்யவில்லை. அதனால் பின்சில்லு முன்னுக்கு இழுபட்டு உள்மட்காட்டில் உரசுகிறது. முன்பக்கத்தில் அச்சின் வளைவு கூடி, அதன் மூட்டின்மேல் மூடியிருக்கிற ரப்பர் உறை கிழிந்துவிட்டது. அதற்குள் இருந்த கிறீஸ் சூடான புகைக்குழாயில் தெறித்து எரிந்திருக்கிறது. அந்த மணத்தைத்தான் நாங்கள் இரண்டு மாதமாக முகர்ந்தோம். அலைன்மென்ற் செய்யவே இல்லை. புது ரயரின் ஓரம் இப்போதே மரம் அரிகிற வாளின் பல்லைப்போலத் தேய்ந்திருக்கிறது. அலுமினியத் தகடு என்றது மெல்லிய தகரம், எண்ணெய் மாற்ற ஓட்டைகூட இல்லை.

எல்லாவற்றையும் காட்டிவிட்டு அந்த மெக்கானிக் சொன்னதுதான் என்னை அதிகம் சுட்டது. மனைவியின் வேலைக்கு உயர்த்தவே தேவையில்லையாம். சரியான நான்கு குளிர்கால ரயர் போட்டிருந்தால் பழைய உயரத்திலேயே அந்தச் சாலைகளில் ஓடலாமாம். உயரம் ஆழமான பனியில் அடி தட்டாமல் காக்கும், அவ்வளவுதான். பிரேக் பிடிக்கும்போது நிறுத்துவது ரயர். அந்த வாய்க்கால் ஞாபகம் வந்து எனக்குப் பேச்சே வரவில்லை.

காப்புறுதிக்கும் கூப்பிட்டேன். ஒன்ராறியோவில் 2016 முதல் குளிர்கால ரயர் போட்டால் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு தர வேண்டும். ரசீது கேட்டார்கள். என்னிடம் ஏது ரசீது? காரை உயர்த்தினதை ஏன் அறிவிக்கவில்லை என்று வேறு கேட்டார்கள்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் இருந்தேன், இப்போது மனம் ஓடவில்லை. அவசரத்துக்குச் சிலது மட்டும். காசாகக் கொடுக்காதீர்கள், வரியைக் கட்டி பில் வாங்குங்கள். எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள். 2002ஆம் ஆண்டின் ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கராஜ்காரர் அதைத் தர வேண்டும், அதற்குமேல் 10 வீதத்தைத் தாண்டி வாங்கவும் கூடாது. ரயரைப் பூட்ட முதல் நான்கின் டொற் இலக்கத்தையும் நீங்களே வாசியுங்கள். அலைன்மென்ற் செய்தால் அளவுகள் அச்சடித்த தாள் வரும், அது இல்லாமல் காரை எடுக்காதீர்கள். அந்தச் சட்டத்தில் போட்ட புதிய அல்லது புதுப்பித்த பாகத்துக்கும் அதைப் பூட்டின வேலைக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. எனக்கு இது இன்றுதான் தெரியும்.

எனக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. வேலை செய்த பிறகு 4,300 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. அதனால் காரை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டேன். நாளைக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புகிறேன், பதில் வராவிட்டால் சிறுகோரிக்கை நீதிமன்றம். அதே கராஜில் காசு கொடுத்து ஏமாந்தவர்கள் இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள். காலை 5 மணிக்கு மனைவியை நண்பனின் காரில் கொண்டுபோய் விட வேண்டும், இரவுக்குப் பத்து சென்ரிமீற்றர் பனி என்கிறார்கள்.