மின்னல் வேகமா, 350 மைக்ரோ செகண்ட் தாமதமா?

அமெரிக்கப் பங்குச் சந்தையில் அதிவேக வர்த்தகம் (கணினிகள் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் வாங்கி விற்பது) வந்தபின், பெரிய பங்குகளில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்குமான இடைவெளி ஒரு சென்ட் அளவுக்குச் சுருங்கியது. சிறு முதலீட்டாளருக்கு அது லாபம்தான். (2001-இல் பின்னங்களில் குறித்துவந்த விலையைச் சென்ட்டில் குறிக்க மாற்றியதற்கும் அதில் பங்குண்டு.) ஆனால் 2010 மே 6 அன்று டவ் ஜோன்ஸ் பங்குக் குறியீடு கிட்டத்தட்ட 1,000 புள்ளி, அதில் பெரும்பகுதி சில நிமிடங்களில், சரிந்தபோது, அந்த வேகக்காரர்களில் பலர் கடையைச் சாத்திவிட்டார்கள். ஆபத்துக்கு உதவாதவர்களால் சந்தைக்கு என்ன பயன்?

ஐஇஎக்ஸ் என்ற அமெரிக்கப் பங்குச் சந்தையின் வழி வேறு. 38 மைல் ஃபைபர் கம்பியைச் சுருட்டி வைத்து, வரும் ஆர்டர்களை 350 மைக்ரோ செகண்ட் (ஒரு மைக்ரோ செகண்ட் என்பது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) தாமதிக்கிறது. ஓய்வூதிய நிதிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அடுத்தவர் ஆர்டரை முந்திக்கொள்ளப் பார்ப்பவருக்குத்தான் இடைஞ்சல். சிகாகோ–நியூஜெர்சி சந்தைகளுக்கு இடையே சில மில்லி செகண்டை மிச்சம் பிடிக்கக் கேபிளில் கொட்டிய பணம் எந்தத் தொழிற்சாலைக்கும் போகவில்லை. என் ஓட்டு தாமதத்துக்கே. ஆனாலும் மொத்த வர்த்தகத்தில் ஐஇஎக்ஸின் பங்கு இன்னும் சிறியதுதான்.