சாவியோடு அணையும் கரண்ட்: காரில் எங்கிருந்து எடுப்பது?

டேஷ் கேமரா (ஓட்டும்போது சாலையைப் பதிவு செய்யும் கேமரா) வாங்கியதும் முதலில் எழும் கேள்வி, அதற்குக் கரண்ட் எங்கிருந்து எடுப்பது என்பதுதான். சாவி போட்டால் ஓட வேண்டும், சாவியை எடுத்தால் நிற்க வேண்டும். இதற்கு நான்கு வழிகள் உண்டு. லைட்டர் சாக்கெட்டில் செருகலாம், ஓடுகிற ஒரு வயரில் கிளை எடுக்கலாம், பியூஸ் பாக்ஸில் பியூஸ் டேப் போடலாம், பேட்டரியிலிருந்து ரிலே (சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) வைத்து எடுக்கலாம். முதல் மூன்றையும் என் காரிலேயே பார்த்துவிட்டேன். ரிலே வேலையை மைத்துனர் காரில் பனி விளக்குக்காக ஒரே ஒரு முறை செய்திருக்கிறேன். இப்போது பியூஸ் டேப்பில் வந்து நிற்கிறேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

பொதுவான ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சாவித் துளையில் ஏசிசி, ஆன், ஸ்டார்ட் என்று நிலைகள் இருக்கும். ரேடியோ, சாக்கெட் போன்றவை ஏசிசியிலேயே உயிர் பெறும். ஸ்டார்ட் பக்கம் திருப்பும்போது, ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு முழு பலமும் கிடைக்க வேண்டும் என்பதற்காக ஏசிசி லைன் துண்டிக்கப்படும். அதனால்தான் அங்கே கோர்த்த கேமரா ஒரு முறை எழுந்து, அணைந்து, மறுபடி எழும். தொடக்கத்தில் இரண்டு வினாடி நீளத்தில் ஒரு அரைகுறை வீடியோ கிடப்பதற்குக் காரணம் இதுதான், கேமராவில் கோளாறு இல்லை. ஆன் நிலையில் வரும் பியூஸில் எடுத்தால் இது குறையும், ஆனால் அங்கேயும் வைப்பர், ப்ளோயர் மாதிரி பெரிய சுமைகளைப் பல கார்கள் ஸ்டார்ட் நேரத்தில் நிறுத்திவைக்கின்றன. வயரிங் படம் கிடைத்தால் எண்களைப் பாருங்கள். 30 என்றால் எப்போதும் உயிரோடு இருக்கும் பேட்டரி லைன், 15 என்றால் சாவி போட்டால் வரும் லைன், 31 என்றால் எர்த். ஜெர்மன் தரநிலையில் வந்த எண்கள் இவை, எல்லா நிறுவனங்களும் பின்பற்றுவதில்லை.

லைட்டர் சாக்கெட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. செருகினால் வேலை முடிந்தது. வாடகைக் கார், அடிக்கடி கார் மாற்றுபவர், ஒரு மாதம் சோதித்துப் பார்க்க நினைப்பவர் இவர்களுக்கெல்லாம் இதுவே போதும். ஒரே இருக்கும் சாக்கெட் போய்விடும், முன்கண்ணாடியிலிருந்து வயர் தொங்கும், மேடு பள்ளத்தில் பிளக் தளரும். சில கார்களில் சாக்கெட் சாவியை எடுத்தாலும் உயிரோடுதான் இருக்கும் என்பதையும் கவனிக்க வேண்டும். கேமரா 0.3 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால்கூட ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர் மணி. 45 ஆம்பியர் மணி பேட்டரியில் மூன்று நாளில் பாதி காலி.

அடுத்தது வயரில் கிளை எடுப்பது. என் காரில் கேமராவைப் பொருத்தித் தந்த இடத்தில் இதைத்தான் செய்தார்கள். ரேடியோவுக்குப் பின்னால் போகும் வயரின்மேல் ஒரு பிளாஸ்டிக் கிளிப்பை வைத்து பிளையரால் அழுத்தினால், உள்ளே இருக்கும் உலோகத் தகடு வயரின் தோலைக் கடித்துச் செம்பைத் தொடும். பத்து நிமிடத்தில் முடிந்தது, வெளியே ஒரு வயரும் தெரியவில்லை. ரொம்பத் திருப்தியாக வீட்டுக்கு வந்தேன்.

ஏறக்குறைய ஒரு வருடம் தொந்தரவே இல்லை. அப்புறம் குண்டும் குழியுமான சாலையில் ரேடியோ விட்டு விட்டுப் பாட ஆரம்பித்தது. கேமரா ஓடும் வழியிலேயே தானாக அணைந்து எழுந்தது. கடைசியில் ஒரு மழைக்காலத்தில் இரண்டும் சேர்ந்து படுத்துவிட்டன. எலக்ட்ரீஷியன் பியூஸைப் பார்த்தார், நன்றாக இருந்தது. ரேடியோவைக் கழற்றிச் சோதித்தார், அதுவும் நன்றாக இருந்தது. டேஷ்போர்டு பலகையைக் கழற்றி, வயர்க் கட்டைச் சுற்றியிருந்த இன்சுலேஷன் டேப்பை முழுக்கப் பிரித்த பிறகுதான் அந்தக் கிளிப் கண்ணில் பட்டது. தகடு செம்பு இழைகளில் பாதியை வெட்டியிருந்தது. மிச்ச இழைகள் ஈரம் பட்டுப் பச்சை பூத்திருந்தன. பழுதைச் சரிசெய்ய ஐந்து நிமிடம், தேடிக் கண்டுபிடிக்க அரை நாள்.

அந்த அரை நாள்தான் என் முடிவை மாற்றியது. இந்த நான்கு வழிகளிலும் ஓடும்போது கரண்ட் ஒழுங்காகத்தான் வருகிறது. அதை வைத்து ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது. நின்றுபோகும் நாளில் யாராவது ஒருவர் அதைக் கண்டுபிடிக்க முடியுமா என்பதை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம். இரவில் வழியில் நின்ற காரை எட்டிப் பார்க்கும் மெக்கானிக்காக இருக்கலாம், உங்களிடமிருந்து காரை வாங்கியவராக இருக்கலாம். டேப்புக்குள் புதைத்த கிளையைப் பற்றி அவருக்கு யார் சொல்வது? கூடவே, அந்தக் கிளிப் என் கேமராவை மட்டும் கெடுக்கவில்லை, காரோடு வந்த ரேடியோ வயரையும் சேர்த்துக் கெடுத்தது. சேர்த்த பொருளின் கோளாறு, ஏற்கெனவே இருந்ததையும் இழுத்துக்கொண்டு போனது.

கிளிப் இல்லாமல் முறையாகக் கிரிம்ப் செய்து (வயர் முனைகளை உலோகக் குழலில் வைத்து நசுக்கி இறுக்கி), சூடாக்கினால் சுருங்கும் குழாய் போட்டு மூடினால் நிலைமை வேறாக இருக்கலாம். அப்படிச் செய்த இணைப்பை நான் வருடக்கணக்கில் ஓட்டிப் பார்த்ததில்லை, அதனால் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது என்ற குறை அதற்கும் உண்டு.

சரி, பியூஸ் டேப். பெயரைக் கேட்டு ஒட்டும் டேப் என்று நினைக்க வேண்டாம். பெரிய குழாயிலிருந்து சின்னக் குழாய் பிரிவது மாதிரி, பியூஸ் குழியிலிருந்து ஒரு கிளையைப் பிரிக்கும் சின்னப் பிளாஸ்டிக் துண்டு. கீழே பியூஸைப் போலவே இரண்டு கால். மேலே இரண்டு பியூஸ் வைக்க இடம். குழியில் ஏற்கெனவே இருந்த பியூஸ் ஒன்றில் போகும், நம் பொருளுக்கான புது பியூஸ் மற்றதில் போகும். பக்கத்திலிருந்து ஒரு வயர் கிளம்பும். எந்த வயரையும் வெட்டவோ கடிக்கவோ வேண்டியதில்லை. பிடுங்கிவிட்டுப் பழைய பியூஸை அதன் குழியில் வைத்தால் கார் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பிவிடும். கேமராவில் ஷார்ட் ஆனால் கேமராவின் பியூஸ்தான் போகும், ரேடியோ பாடிக்கொண்டே இருக்கும்.

இதிலும் தவறு செய்ய வழி இருக்கிறது. முதலில் அளவு. பிளேடு பியூஸ்களில் சாதாரணம், மினி, குட்டை மினி, மைக்ரோ என்று பல உண்டு. மினிக்கும் குட்டை மினிக்கும் அகலம் ஒன்றேதான், கால் நீளம்தான் வேறு. கடையில் கேட்டு வாங்குவதைவிட, குழியிலிருந்து ஒரு பியூஸைப் பிடுங்கிக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குவது நல்லது.

இரண்டாவது, எந்தக் குழி. ஏர்பேக், ஏபிஎஸ் பிரேக், எஞ்சின் கம்ப்யூட்டர், பெட்ரோல் பம்ப், இவற்றின் பியூஸை எதற்காகவும் தொட வேண்டாம். அங்கே ஒரு லூஸ் கான்டாக்ட் வந்தால் கேமரா அணைவதோடு நிற்காது. சாக்கெட், ரேடியோ, பின்பக்க வைப்பர் போன்ற, நின்றாலும் கார் ஓடக்கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மல்டிமீட்டரின் கருப்பு முனையை வெறும் இரும்பு தெரியும் போல்ட்டில் வைத்து, சிவப்பு முனையால் பியூஸின் தலையில் தெரியும் சின்ன உலோகப் புள்ளியைத் தொட்டால் போதும், பியூஸைப் பிடுங்கக்கூட வேண்டாம். சாவி போட்டால் 12 வோல்ட்டுக்கு மேல், எடுத்தால் பூஜ்யம், அதுதான் நமக்கு வேண்டியது. சாவியை எடுத்த உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். சில கார்கள் கதவைத் திறக்கும் வரை, சில கார்கள் இன்னும் சில நிமிடம், கரண்ட்டை விட்டுவைக்கும். பூட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பாருங்கள். பழைய பல்பு போட்ட டெஸ்ட் லாம்ப்பை நான் பயன்படுத்துவதில்லை. அது இழுக்கும் கரண்ட், கம்ப்யூட்டர் சார்ந்த லைன்களுக்கு நல்லதல்ல.

மூன்றாவது விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. பியூஸ் டேப்புக்குத் திசை உண்டு. குழியின் இரண்டு பக்கங்களில் ஒன்று கரண்ட் வரும் பக்கம், மற்றது பொருளுக்குப் போகும் பக்கம். டேப்பின் இரண்டு பியூஸுக்கும் பொதுவான கால், கரண்ட் வரும் பக்கத்தில் உட்கார வேண்டும். அப்போதுதான் இரண்டும் தனித்தனியாக இழுக்கும். திருப்பிப் போட்டால் கேமராவும் வேலை செய்யும், ரேடியோவும் வேலை செய்யும், ஒன்றும் தெரியாது. ஆனால் கேமராவின் கரண்ட்டும் பழைய பியூஸ் வழியாகவே போகும், அதன்மேல் இரண்டு சுமையும் சேரும். பியூஸைப் பிடுங்கி, சாவி போட்டு, குழியின் எந்தப் பக்கத்தில் 12 வோல்ட் காட்டுகிறது என்று பார்த்துவிட்டால் குழப்பமில்லை. நான் முதல் தடவை தலைகீழாகத்தான் போட்டிருந்தேன். அடுத்த நாள் சந்தேகம் வந்து அளந்து பார்த்துத் திருப்பினேன்.

புது பியூஸின் அளவைப் பொருள் இழுப்பதற்கும் வயர் தாங்குவதற்கும் ஏற்ப வைக்க வேண்டும். கேமராவின் யுஎஸ்பி பக்கம் 5 வோல்ட்டில் 2 ஆம்பியர் என்றால் 10 வாட், 12 வோல்ட் பக்கம் அது ஒரு ஆம்பியருக்குள்தான். நான் 3 ஆம்பியர் போட்டிருக்கிறேன். டேப்போடு வந்ததே என்று 10 ஆம்பியர் பியூஸை அப்படியே விட்டால், மெல்லிய கேமரா வயர் சூடாகும்போது அது காப்பாற்ற வராது. எர்த் வயரை வளையம் வைத்து, பெயின்ட் இல்லாத இரும்பில் போல்ட்டோடு இறுக்குங்கள். கேமரா அணைந்து எழுகிற புகார்களில் எர்த் சரியில்லாதவை நிறைய. கண்ணாடி ஓரத் தூணுக்குள் வயரை இறக்கும்போது, அங்கே திரை ஏர்பேக் இருந்தால் அதற்குப் பின்னால்தான் போக வேண்டும். முன்னால் குறுக்கே போனால் அது விரியும்போது வழியில் நிற்கும்.

பியூஸ் டேப்பிலும் குறைகள் உண்டு. உயரம் அதிகம் என்பதால் சில பியூஸ் பாக்ஸில் மூடி சரியாகச் சாத்தாது. மலிவான டேப்புகளின் கால்கள் மெல்லியதாக இருந்து குழியில் ஆடும், ஆடினால் சூடாகும். புதுக் கார்கள் சிலவற்றில் சாவிக்குப் பின்னால் நேரடி லைன் என்று ஒன்றே இல்லை. எதற்கு எப்போது கரண்ட் என்பதைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. மின்சாரக் காரில் இந்த வேலையை நான் செய்ததில்லை. அதனால் இங்கே சொன்னதை அங்கே அப்படியே கொண்டுபோக வேண்டாம்.

ரிலே எப்போது? சுமை பெரிதாகும்போது. பியூஸ் டேப்புகள் பெரும்பாலும் 10 ஆம்பியர் வரைதான். 55 வாட் பனி விளக்கு இரண்டு என்றால் 110 வாட், 12 வோல்ட்டில் 9 ஆம்பியர் தாண்டிவிடும். அதை டேப்பில் தொங்கவிட எனக்கு மனம் வராது. ரிலேயில் சாவி லைன் 85, 86 கால்களுக்கு நடுவே இருக்கும் சுருளை மட்டும் இயக்கும், அதற்கு ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்குக்குள்தான் வேண்டும். கனமான கரண்ட் பேட்டரியிலிருந்து 30க்கு வந்து 87 வழியாக விளக்குக்குப் போகும். பேட்டரி பக்கம் ஒரு பியூஸ், பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டி வைத்தால் இடைப்பட்ட வயருக்குப் பாதுகாப்பே இல்லை. சரியாகச் செய்தால் நான்கிலும் வலுவானது இதுதான், ஆனால் கேமராவுக்கு இவ்வளவு வேலை வேண்டியதில்லை. மைத்துனர் காரில் அந்தச் சுருளுக்கான லைனையும் பியூஸ் டேப்பிலிருந்துதான் எடுத்தேன். இரண்டு வருடம் ஆகிறது, நன்றாக ஓடுகிறது. ஒரு காரை வைத்து இதற்குமேல் சொல்ல முடியாது.

நிறுத்தியிருக்கும்போதும் கேமரா பதிவு செய்ய வேண்டும் என்பவர்களுக்கு மூன்று வயர் கிட் வருகிறது. ஒன்று சாவி லைனுக்கு, ஒன்று எப்போதும் வரும் லைனுக்கு, ஒன்று எர்த்துக்கு. இதற்கு இரண்டு டேப் வேண்டும். பேட்டரி வோல்ட் குறைந்தால் தானாக நிறுத்தும் அமைப்பு அதில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். நிறுத்தும் அளவை நான் 12.2இல் வைப்பேன், 11.8 வரை இறங்க விடமாட்டேன்.

என் பியூஸ் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் இப்போது ஒரு சின்னக் காகிதம் ஒட்டியிருக்கிறது. எந்தக் குழி, அதில் முன்பு இருந்த பியூஸ் எத்தனை ஆம்பியர், சேர்த்தது எத்தனை, எதற்காக, எர்த் எந்தப் போல்ட்டில், என்று போட்டது. கடைசி சர்வீஸில் காரை எடுத்த பையன் அதைப் படித்துவிட்டு, என்னிடம் எதுவும் கேட்காமலேயே டேப்பைப் பிடுங்கி வேலையை முடித்து, திரும்ப அதே திசையில் செருகி வைத்திருந்தான்.