லிட்டில் இந்தியா பூக்கடை: மாலை பிரமாதம், நேரம்தான் உதைக்கும்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் பூக்கடைக்குப் பஞ்சமில்லை. நான் சொல்லவருவது, குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலிலிருந்து நடக்கிற தூரத்தில் ஓர் அக்கா இரண்டு மேசை போட்டு நடத்தும் கடை. பெயர்ப் பலகை கிடையாது. போன மாதம் ஒரு ஜோடி கல்யாண மாலை வாங்கினோம், ரோஜாவும் சம்பங்கியும், 180 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). இதைவிட மலிவாகவும் கிடைக்கும், ஆனால் இவர் ஆளைப் பார்த்து அளவெடுத்துத்தான் கட்டுவார்.

"பொண்ணு என்ன உயரம் தம்பி?" என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "நான்தான் பொண்ணு" என்றார் அத்தை.

அத்தைக்கு 58 வயது, மாமா போய் 11 வருஷம். பதிவுத் திருமணத்துக்கு மனு கொடுத்தால் 21 நாள் அறிவிப்பு ஒட்டிவைப்பார்கள், ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்று. அங்கே ஒருவரும் வரவில்லை. எல்லாரும் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டார்கள். 'இந்த வயசில் தேவையா' என்பதை எத்தனை விதமாகச் சொல்ல முடியுமோ அத்தனையும் வந்தது, பாதி கும்பிடு பொம்மையோடு. நானும் அப்போது வாயைத் திறக்காதவன்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பூக்கடை அக்கா முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. நூலை அத்தையின் கழுத்திலிருந்து முட்டிவரை பிடித்துப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை உங்களவிட உயரமா?" என்றார்.

"கொஞ்சம் குள்ளம்."

"அப்ப அவருக்கு நாலு விரக்கடை குறைச்சிடறேன்க்கா." அவ்வளவுதான் விசாரணை.

இனி குறை. பத்து மணிக்குத் தருவதாகச் சொன்ன மாலை கைக்கு வந்தது பத்து நாற்பதுக்கு. நடுவில் ஒருவர் சாவு மாலை கேட்டு வந்தார். உடனே எங்கள் மாலையை ஈரத்துணி போட்டு மூடிவிட்டு அக்கா உள்மேசைக்குப் போய்விட்டார் (கல்யாணத்துக்கு முன்மேசை, சாவுக்கு உள்மேசை, கத்தரிக்கோல்கூட வேறு). எனக்கு எரிச்சல். வந்தவர் விலையே கேட்கவில்லை, மீதிக் காசை அக்காதான் பின்னால் ஓடிப்போய்க் கையில் திணித்தார். "சாவு மாலைக்கு யாரும் பேரம் பேசமாட்டாங்க தம்பி. கல்யாண மாலைக்குத்தான் அஞ்சு வெள்ளிக்கு அரை மணி நேரம் நிப்பாங்க." நான் கேட்டது பத்து வெள்ளி. அதற்குப் பிறகு தாமதத்தைப் பற்றிப் பேச எனக்கு நாக்கு எழவில்லை.

காசு கொடுத்துவிட்டு (கியூஆர் உண்டு) கிளம்பும்போது அக்கா ஒரு முழம் மல்லி அளந்தார். நீளக் கை, முழம் தாராளம். அத்தையின் கொண்டையில் வைக்கப் போனபோது அத்தையின் கை தடுக்கத் தானாக மேலே போனது, 11 வருஷப் பழக்கமில்லையா. கொண்டைவரை போன கை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது, அப்புறம் ஒரு ஊசியை உருவி அக்காவிடம் கொடுத்தது. அத்தனை சொந்தக்காரர்களிடமும் தடுமாறாதவர் இந்த ஒரு முழத்திடம்தான் தடுமாறினார்.

போகிறவர்கள் முதல் நாளே சொல்லிவிடுங்கள், பத்து மணிக்கு வேண்டுமென்றால் ஒன்பது என்று சொல்லுங்கள். பார்க்கிங் திண்டாட்டம்தான். மாலை சாயங்காலம்வரை வாடவில்லை, மல்லி மட்டும் மறுநாள் பழுத்துவிட்டது. அதற்கும் தாமதத்துக்கும் சேர்த்து மூன்று நட்சத்திரம் போடப் போனேன், அத்தை விடவில்லை. நாலு.