இரண்டு அலைவரிசைக்கு ஒரே ஆன்டெனா: யாகியா, லாக்-பீரியாடிக்கா?

எண்பதுகளில் இலங்கையின் ரூபவாகினி டிவி பிடிக்க மாடியில் நட்ட அலுமினிய ஆன்டெனா, திருநெல்வேலிப் பக்கம் பழைய இரும்புக் கடைகளில் எப்போதாவது கண்ணில் படும். விடாதீர்கள், எடை போட்டு வாங்கி வந்துவிடுங்கள். சர்வதேச விண்வெளி நிலையத்தின் ரிப்பீட்டர் (ஒரு அதிர்வெண்ணில் வாங்கி இன்னொன்றில் திருப்பி அனுப்பும் ரேடியோ) 145.990 மெகாஹெர்ட்ஸில் கேட்டு 437.800-இல் திருப்பிச் சொல்கிறது. இரண்டுக்கும் அந்தக் குழாய்களே போதும். (அனுப்புவதற்கு அமெச்சூர் ரேடியோ உரிமம் வேண்டும்.)

இந்த இரண்டு அலைவரிசைகளையும் சுருக்கமாக 145, 435 என்போம். 435 என்பது 145-இன் சரியாக 3 மடங்கு. அதனால் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான ஒற்றை டைபோல் (நடுவில் கேபிள் இணைத்த குச்சி) இரண்டிலும் இசையும். அதுவே போதுமே என்று தோன்றும். ஆனால் 435-இல் அந்த நீளம் ஒன்றரை அலைநீளம் ஆகிவிடுவதால், நேரே போகவேண்டிய வீச்சு பக்கவாட்டில் சிதறிவிடும். இரண்டு அலைவரிசைக் குச்சிகளையும் ஒரே தளத்தில் கலந்து வைத்தாலும் இதே தொல்லைதான்.

லாக்-பீரியாடிக் என்பது படிப்படியாக நீளம் குறையும் குச்சிகள் எல்லாமே கேபிளோடு சேர்ந்த ஆன்டெனா. அதில் இந்தச் சிக்கல் குறைவு. ஒரே கேபிள், 140 முதல் 450 வரை இடையில் உள்ள எல்லாமே கிடைக்கும். நீளங்களை ஒழுங்காகக் கணக்கிட்டால் அப்புறம் டியூன் செய்யும் வேலையும் அதிகம் இல்லை. ஆனால் எந்த அதிர்வெண்ணிலும் மூன்று நான்கு குச்சிகள்தான் உழைக்கும், மற்றவை சும்மா நிற்கும். ஒரு டஜன் குச்சி அடித்தும் பலன் ஒரு சின்ன யாகி (ஒரே குச்சியில் மட்டும் கேபிள் சேரும் ஆன்டெனா) அளவுதான். குச்சிகளை நடுக்குழாய் இரண்டிலும் இடம், வலம் என மாற்றி மாற்றி வேறு பொருத்தவேண்டும். ஒன்று பக்கம் மாறினாலும் வீச்சு கெடும்.

என் தேர்வு குறுக்கு யாகி. ஒரே நடுக்குழாயில் 145-க்கு 3 குச்சி கிடையாக, 435-க்கு 7 குச்சி செங்குத்தாக. 90 பாகையில் நிற்பதால் ஒன்று மற்றதை அவ்வளவாகத் தொடுவதில்லை. கையில் பிடித்து வானத்தில் நிலையம் நகர நகரத் திருப்பலாம். நிலையம் ஒரு முறை வானத்தைக் கடக்க மிஞ்சினால் 10 நிமிடம். லாக்-பீரியாடிக்கை மாடியில் நிரந்தரமாக நட்டால், பணகுடி, வள்ளியூர்ப் பக்கத்து ஆடிக்காற்றுக்கு இழுகம்பி கட்டாமல் நிற்காது. உவரி மாதிரி கடலோரத்தில் உப்பு வேறு. திருகு இறுக்கிய இடத்தில் வெள்ளைப் பொடி பூத்துத் தொடர்பு அறும். எந்த வடிவானாலும் அங்கே வாசலின் பூசுங்கள்.

கேபிளில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 15 மீட்டர் ஆர்ஜி-58 (மெல்லிய 50 ஓம் ரேடியோ கேபிள்), 435-இல் சிக்னலில் பாதிக்கு மேல் தின்றுவிடும். கேபிள் டிவிக்காரர் இழுக்கும் ஆர்ஜி-6 விலையும் குறைவு, இழப்பும் குறைவு. 75 ஓம் என்று பயப்படவேண்டாம். 50 ஓம் ரேடியோவோடு சேர்ப்பதால் போவது 4 சதவீதம்தான்.

435-க்கான குச்சிகளை முதலில் அறுங்கள். அங்கே 3 மில்லிமீட்டர் பிசகினால் 4 மெகாஹெர்ட்ஸ் தள்ளிப்போகும், ரம்பப் பல்லே ஒரு மில்லிமீட்டர் தின்னும். கொஞ்சம் நீளமாக அறுத்து, அரத்தால் ராவிக் குறையுங்கள்.