கலைப்புல ஆசிரியர்களுக்கான கற்றல் நோக்கப் பயிற்சி: ஒரு மதிப்புரை

வரலாறு, புவியியல், இலக்கியம் ஆகியவற்றைக் கற்பிக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கென இணையவழியில் நடத்தப்படும் கற்றல் நோக்கப் பயிற்சி (பாடத்தின் முடிவில் மாணவர் எதைச் செய்யக்கூடியவராக இருக்க வேண்டும் என்பதைப் பாடக்குறிப்பில் எழுதக் கற்றுத்தரும் பயிற்சி) ஒன்றை அண்மையில் நிறைவு செய்தேன். வரலாற்று ஆசிரியர்களுக்கு அதை மனமாரப் பரிந்துரைப்பேன். இலக்கியம் கற்பிப்போர் சற்று யோசித்துச் சேர வேண்டும்.

வரலாற்றுப் பகுதியே இதன் பெரும் பலம். 'பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்களை மாணவர் அறிந்துகொள்வர்' என்று பாடக்குறிப்பில் நாம் வழக்கமாக எழுதும் வரியை எடுத்துக்கொண்டு, அவர்கள் அறிந்துகொண்டதை ஆசிரியர் எதை வைத்துக் கண்டறிவார் என்று பயிற்றுநர் கேட்கிறார். பிறகு அதே வரி, '1789-இல் மன்னரிடம் முறையிடத் தொகுக்கப்பட்ட குறைமனுக்களுள் ஒரு சிற்றூருடையதையும் பிரபுக்களுடையதையும் ஒப்பிட்டு, வரிவிதிப்பில் இரு தரப்பும் எங்கே வேறுபட்டன என்பதை மாணவர் சான்றுடன் விளக்குவர்' என்று மாறுகிறது. இப்படி எழுதிவிட்டால், வகுப்புக்கு எந்தச் சான்றைக் கொண்டுசெல்வது, எந்த வினாவைக் கேட்பது, விடைத்தாளில் எதைத் தேடுவது ஆகிய மூன்றும் அந்த ஒரு வரியிலேயே தெளிவாகிவிடுகின்றன. புவியியல் பகுதியும் குறை சொல்ல முடியாதபடி அமைந்துள்ளது.

அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் குழுவினர் 1956-இல் வெளியிட்டு, 2001-இல் திருத்தம் பெற்ற அறிவுசார் படிநிலைகளை நினைவுகூர்தல் முதல் படைத்தல் வரை நன்றாக விளக்குகிறார்கள். ஆனால், 'பகுத்தாராய்வர்' என்று எழுதிவிட்டு, அந்தப் பகுப்பாய்வை ஆசிரியரே முன்கூட்டிக் குறிப்பாகக் கொடுத்துவிட்டால் மாணவர் செய்வது வெறும் நினைவுகூர்தலே என்ற முக்கியமான எச்சரிக்கை ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது. பலரும் சறுக்கும் இடம் இது என்பதால், இதற்குத் தனிப் பாடமே ஒதுக்கியிருக்க வேண்டும்.

இலக்கியப் பகுதி எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது. ஒரு கவிதைக்கு 'மூன்று உவமைகளை அடையாளம் காண்பர்' என்பதையே மாதிரி நோக்கமாகத் தருகிறார்கள். அதை எட்டிய மாணவர் கவிதையைப் படித்திருக்கிறார் என்று எப்படிச் சொல்வது? விளைவை முன்கூட்டி வரையறுக்காமல், மாணவர் எதிர்கொள்ள வேண்டிய அனுபவத்தை மட்டும் வகுக்கும் நோக்கங்களும் தேவை என்று அமெரிக்கக் கலைக்கல்வி அறிஞர் எலியட் ஐஸ்னர் 1960-களிலேயே வாதிட்டார். அந்த விவாதத்தின் சுவடே இங்கு இல்லை. வரலாற்றுப் பாடக்குறிப்புக்கு வரிக்கு வரி நுட்பமான கருத்துரை அனுப்பிய மதிப்பீட்டாளர்கள், என் கவிதைப் பாடத்துக்கு 'அளவிடத்தக்க வினைச்சொல்லைப் பயன்படுத்துக' என்ற ஒற்றை வரியையே அனுப்பினார்கள்.

பகுதிகளைத் தனித்தனியாகவும் தேர்ந்து படிக்கலாம் என்பதால், இலக்கிய ஆசிரியர்கள் இப்போதைக்கு வரலாற்றுப் பகுதியில் மட்டும் சேர்ந்து, சான்றைக் கொண்டு நோக்கம் எழுதும் முறையைக் கற்றுக்கொள்ளலாம்.